தாழ்ப்பாள் தனியாக வராது

குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாழ்ப்பாள் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. விரல் நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு, கம்பி போய் நுழைவதற்குக் கதவு நிலையில் ஒரு கொண்டி. ஈரத்தில் கிடந்து கிடந்து துருவேறிப்போன அந்தக் கம்பி, ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் இழுத்த இழுப்பில் இரண்டாக முறிந்து சோப்புத் தண்ணீரில் விழுந்தது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"தாழ்ப்பாள் போயிடுச்சு. நாளைக்கு ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

கண்ணாடிக்காரர் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி விற்பவர் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் 'நாளைக்கு' என்ற சொல்லை மற்றவர்கள் 'ம்' போடுகிற மாதிரி போட்டுக்கொண்டிருப்பார். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, அவருடைய சித்தப்பா. குளியலறை ஒன்றுதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையான கண்ணாடிக்காரரை வளர்த்துப் படிக்க வைத்தது இந்தச் சித்தப்பாதான். ஆயுள் முழுக்க நூற்பாலையில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரங்கள் போட்ட சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். போட்டால் விசிலடிக்கிறது என்று அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊரில் நடக்கிறதையெல்லாம் அவருடைய பைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் வருகிறவரைக்கும் உள்ளே இருப்பவர் பாட வேண்டும் என்று ஏற்பாடானது. கண்ணாடிக்காரருக்கு இதில் சிரமமே இல்லை. கட்டைக் குரலில் எதையாவது இழுத்துக்கொண்டே குளித்துவிடுவார். மனைவி பாடுதான் திண்டாட்டம். அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். பாதி ஆயுளை மற்றவர்களை 'உஷ்' என்று அடக்குவதிலேயே கழித்தவளுக்குப் பாட்டு எங்கே வரும்? கடைசியில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விஷயத்தை ராகம் போட்டு இழுக்க ஆரம்பித்தாள். "புத்தகத்தில் கோடு போடக் கூடாது... பக்கங்களை மடிக்கக் கூடாது..." என்று நூலக விதிகள் ஒவ்வொன்றாகக் குளியலறையிலிருந்து ஆவியோடு வெளியே வரும்.

பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சித்தப்பாவுக்குக் கேட்காது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு முறை அவர் கதவில் கை வைக்கப்போய், கண்ணாடிக்காரர் பாய்ந்து தடுத்தார். அப்புறம்தான் வேறு ஏற்பாடு. உள்ளே ஆள் இருந்தால் வெளியே சிவப்பு வாளி இருக்கும். இதைச் சித்தப்பாவிடம் கண்ணாடிக்காரர் கையை ஆட்டி, காலை ஆட்டி விளக்கினார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் எப்போதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

மறுநாள் காலை சித்தப்பா குளியலறைப் பக்கம் வந்தார். வாசலில் வெறும் வாளி நிற்பதைப் பார்த்தார். பாவம், மருமகள் வாளியை வெளியே மறந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார். சமையலறைக்குப் போய் வெந்நீர் போட்டு, வாளி நிறைய ஊற்றி, ஒரு சொட்டுக்கூடச் சிந்திவிடக் கூடாது என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, நிமிர்ந்தே பார்க்காமல் திரும்பி வந்தார். மனைவி போட்ட அலறல் நாலு வீடு தள்ளிக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் போய் உட்கார்ந்து காபி குடித்தார்.

மனைவி பெட்டி கட்டினாள்.

"சித்தப்பா வேணும்னா செஞ்சாரு? அவருக்குக் காது கேக்காதும்மா" என்று கண்ணாடிக்காரர் பின்னாலேயே போய்க் கெஞ்சினார்.

"அவர் மேல எனக்குக் கோபமே இல்லைங்க. கேக்காத மனுஷன் என்ன பண்ணுவாரு? கேக்குற மனுஷன் ஒருத்தர் இருக்காரே, அவர் மேலதான். எத்தனை நாளா சொல்றேன்?" என்றாள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். தாழ்ப்பாள் போட்டுட்டுச் சொல்லுங்க, வரேன்."

இந்தப் பேச்சு எதுவும் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் பார்த்தது பெட்டியை மட்டும்தான். என்ன நடந்தது என்று கண்ணாடிக்காரர் ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் மனிதர் அப்படியே சுருங்கிப்போனார். அன்றிலிருந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமுவார், கை தட்டுவார், பதில் வந்தாலும் தனக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து திரும்பிப் போய்விடுவார்.

கண்ணாடிக்காரர் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுத் தாழ்ப்பாள் வாங்கக் கிளம்பினார். அவர் சிறுவயதில் பார்த்த ஆணிக்கடை இருந்த இடத்தில் இப்போது கதவு அனுபவ மையம் என்று ஒன்று மூன்று மாடிக்கு எழுந்திருந்தது. உள்ளே குளிர்ந்த காற்று. சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. கையில் டேப்லெட் வைத்திருந்த பெண் ஒருத்தி புன்னகையோடு வந்தாள்.

"வணக்கம் சார். உங்க கதவோட உங்களுக்கு எந்த மாதிரி உறவு?"

"தள்ளினா திறக்கும். அதான் பிரச்சினையே. ஒரு தாழ்ப்பாள் வேணும்மா, பாத்ரூமுக்கு."

அவள் அவரை ஒரு கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அதில் நீலமாக ஒரு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "இது விரல் ரேகைத் தாழ்ப்பாள் சார். உள்ள போனதும் விரலை வைக்கணும். குளிச்சு முடிச்சதும் மறுபடி வைக்கணும். உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாது."

"குளிச்சா விரல் ஊறிப்போயிடுமே?"

"ஊறிப்போயிருந்தா அதுக்கு உங்களை அடையாளம் தெரியாது சார். உள்ளயே கொஞ்ச நேரம் இருந்து காயணும்." அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "போன்லயும் திறக்கலாம். எந்த நாட்டுல இருந்தாலும் நீங்க உங்க பாத்ரூமைத் திறக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"வெளிநாட்டுல இருக்கறப்ப என் பாத்ரூமை நான் எதுக்கும்மா திறக்கணும்?"

அவள் டேப்லெட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

"சாதாரணமா ஒண்ணு. இப்படித் தள்ளினா அப்படிப் போய் மாட்டிக்கிற மாதிரி. இல்லையா?"

"அது தனியா வராது சார். கதவோடதான் வரும்."

"கதவு இருக்கும்மா."

"கதவு நிலையோட வரும்."

"நிலையும் இருக்கு."

"எங்க கிட்ட சுவரோடயும் வருது சார்."

"சுவர், கூரை, தரை எல்லாம் இருக்கு."

"அப்ப உங்ககிட்ட எதுதான் சார் இல்ல?" என்று அவள் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

ஆளை விட்டால் போதும் என்று வெளியே வந்தவர் மறுநாள் இரும்புக் கடைத் தெருவுக்குப் போனார். அங்கே பெரிய மீசை வைத்த ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் ஒரு தாழ்ப்பாளை எடுத்து மேசையில் போட்டார். கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. புரட்டிப் பார்த்துவிட்டு, "கொண்டி எங்கங்க?" என்றார்.

"கொண்டி நான் விக்கிறதில்ல. எதிர்க் கடைல கேளு."

எதிர்க் கடையில் அதே மீசை, கொஞ்சம் சின்னதாக. அவரிடம் கொண்டி மூட்டை மூட்டையாக இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அவர் எடுத்துக் கொடுத்த கொண்டியில் அண்ணன் கடைத் தாழ்ப்பாள் நுழையவில்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. விசாரித்தால் பாகப்பிரிவினையாம். அப்பா காலமானதும் தாழ்ப்பாளெல்லாம் அண்ணனுக்கு, கொண்டியெல்லாம் தம்பிக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பிரித்துக் கொடுத்தார்களாம்.

"அப்பா காலத்துச் சரக்கெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். அது தீந்துடுச்சு. இப்ப அவன் தாழ்ப்பாள் நுழையற மாதிரி கொண்டி நான் செய்ய மாட்டேன்" என்றார் தம்பி.

"அப்ப உங்க கொண்டியை வாங்கிட்டுப் போய் ஜனங்க என்னதாங்க பண்ணுவாங்க?"

"அவன் தாழ்ப்பாளை வாங்கறவன் என்ன பண்ணுவானோ அதைத்தான்."

அடுத்தது இணையம். படத்தில் தாழ்ப்பாள் கொள்ளை அழகாக இருந்தது. கம்பி, தகடு, கொண்டி, திருகாணிகூடச் சேர்த்து. பொருள் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த அன்றே மனைவியைக் கூப்பிட்டார்.

"வாங்கிட்டேம்மா!"

"வாங்கினது சரி. போட்டாச்சா?"

"வந்துக்கிட்டிருக்கு."

"அது வந்ததும் நானும் வரேன்."

பெட்டி வந்தது. பிரித்தார், பஞ்சை எடுத்தார், காகிதத்தை எடுத்தார், இன்னொரு பெட்டியைப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தாழ்ப்பாள். பொம்மை வீட்டுக்கானதாம். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. சித்தப்பா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "எலிக்காடா?" என்று கேட்டார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் தொழிலையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மதியம் கடைக்கு ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காதில் மாட்டுகிற காம்பு ஒரு பக்கம் நூலால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தொழில் பழக்கம், முகத்தை முகமாக அவர் பார்ப்பதேயில்லை. மூக்கு எப்படி, காது எப்படி என்றுதான் பார்ப்பார். இந்த மூக்கில், கண்ணாடியின் நடுப்பாலம் உட்காருகிற இடத்துக்குக் கீழே ஒரு மேடு. கண்ணாடி வழுக்காமல் நிற்கிற அருமையான மூக்கு.

"ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்துடுச்சு. அது மட்டும் போட்டுக் கொடுத்தா போதும்" என்றார் மூக்குக்காரர்.

"ஸ்க்ரூ தனியா வராது சார். பிரேமோடதான் வரும்."

"பிரேம் நல்லாத்தானே இருக்கு?"

"இந்த மாடல் நின்னுபோச்சு சார். புதுசு காட்டட்டுமா? எடையே தெரியாது. கம்ப்யூட்டர் வெளிச்சத்தை வடிகட்டும். கார் ஓட்ட ஒண்ணு, படிக்க ஒண்ணுன்னு ரெண்டா எடுத்தா சலுகை உண்டு."

இத்தனைக்கும் அவர் இழுப்பறையில் ஒரு மிட்டாய் டப்பா நிறைய ஸ்க்ரூ இருந்தது. ஆனால் அது விற்பதற்கு இல்லை, கடை உபயோகத்துக்கு. வந்தவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடியைத் தடவி எடுத்துக்கொண்டு, கதவு எது ஜன்னல் எது என்று துழாவியபடி வெளியே போனார். அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் கண்ணாடிக்காரர், "காலம் கெட்டுப்போச்சு சார். ஒரு சாதாரண தாழ்ப்பாள் வாங்க முடியல. எவனைக் கேட்டாலும் தனியா வராதுங்கறான்" என்று மனம் நொந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலருகே ஒரு பை இருந்தது. சித்தப்பாவின் பை.

"ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறேண்டா. மில்லுல கூட வேலை பார்த்தவன் கூப்பிட்டிருக்கான். ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றார் சித்தப்பா, காது கேட்காதவர்களின் உரத்த குரலில்.

கண்ணாடிக்காரர் பையைத் திறந்து பார்த்தார். போர்வை இருந்தது. குளிர்காலத்துக்கான கம்பளிச் சட்டை இருந்தது. முப்பது வருடமாக ஜன்னலோரம் ஒரே ஆணியில் தொங்கிய சவரக் கண்ணாடியைத் துணியில் சுற்றி நடுவில் வைத்திருந்தார். ரெண்டு நாளைக்கு யாரும் ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போவதில்லை.

"எங்கயும் போக வேண்டாம்" என்று தலையையும் கையையும் பலமாக ஆட்டினார் கண்ணாடிக்காரர். தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன் என்று சைகை காட்டினார்.

"எதுக்குடா?" என்றார் சித்தப்பா. "நான் போயிட்டா தாழ்ப்பாளே வேண்டாமே. நீங்க புருஷன் பொண்டாட்டி. பாடிக்கிட்டாலே போதும்."

கண்ணாடிக்காரர் பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு விரல் நீள இரும்பு இல்லாததற்காக, தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர் வீட்டை விட்டுப் போகிறார். அவர் சொன்ன கணக்கில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகக் கதவு அனுபவ மையத்துக்கு ஓடினார். விரலாவது ரேகையாவது, காய்ந்தாலும் பரவாயில்லை, எதையாவது இன்றைக்கே மாட்டிவிடுவது என்று ஒரு முடிவோடு போனார். அதே பெண் அதே புன்னகையோடு வந்தாள்.

"நல்ல முடிவு சார். இன்னைக்குப் பதிஞ்சா அடுத்த மாசம் வந்து உங்க பாத்ரூமைப் பார்ப்பாங்க. பார்த்துப் பிடிச்சிருந்தா அதுக்கு அடுத்த மாசம் மாட்டுவாங்க."

"யாருக்குப் பிடிச்சிருந்தா?"

"தாழ்ப்பாளுக்கு சார். எல்லாச் சுவரும் அதுக்கு ஒத்துக்காது."

அவருக்குத் தலை சுற்றியது. காலையில் பதற்றத்தில் அடுத்தடுத்துக் குடித்த டீயும் சேர்ந்துகொண்டது. "முதல்ல பாத்ரூம் எங்கன்னு சொல்லும்மா" என்றார். அவள் 'ஊழியர்கள் மட்டும்' என்று எழுதியிருந்த கதவைக் காட்டினாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கை தானாகப் போய் எதையோ தள்ளியது. டக்.

கீழே பார்த்தார். விரல் நீள இரும்புக் கம்பி. ஒரு தகடு. ஒரு கொண்டி. சாம்பல் நிறம், எந்த விளக்கும் இல்லை, யாரையும் அது அடையாளம் கேட்கவில்லை. தள்ளினார், டக். இழுத்தார், டக். வந்த வேலையையே மறந்து தள்ளுவதும் இழுப்பதுமாக நின்றார். வெளியே யாரோ தட்டினார்கள்.

"ஆள் இருக்கு!" என்றார். இந்த இரண்டு சொல்லை நிம்மதியாகச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது! இன்னொரு தரம் சொன்னார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் வேணும்! இதே! இல்லைன்னு சொன்னியேம்மா?"

"அது கடை உபயோகத்துக்கு சார். விக்கிறதுக்கு இல்ல. முன்னாடி எங்க விரல் ரேகைத் தாழ்ப்பாள்தான் போட்டிருந்தோம். பழைய மேலாளர் உள்ள மாட்டிக்கிட்டார். அதுக்கப்புறம் இதை மாட்டினாங்க."

"பழைய மேலாளர் இப்ப எங்க?"

"வேலையை விட்டுட்டார் சார். அப்படியே ஜன்னல் வழியா."

புதிய மேலாளரைப் பார்த்தே தீருவேன் என்று கண்ணாடிக்காரர் பிடிவாதம் பிடித்தார். "பார்த்துப் பிரயோஜனம் இல்ல சார். அவர் எதுக்குமே ஆமாங்கறதில்ல. ஒரு மாசமா எங்க யாருக்கும் லீவுகூடக் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அறையைக் காட்டினாள்.

மேலாளர் கழுத்தை விறைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்து வைத்த பலகை மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். பாட்டு, வாளி, வெந்நீர், பெட்டி, பை. மேலாளர் அசையவே இல்லை.

"முடியாது" என்றார். "அந்தத் தாழ்ப்பாள் எங்க கம்ப்யூட்டர்லயே கிடையாது. கம்ப்யூட்டர்ல இல்லாத பொருளை எப்படி விக்கிறது?"

"விக்க வேண்டாம். சும்மா கொடுங்க."

"கணக்குல இல்லாததை எப்படிச் சும்மா கொடுக்கிறது?"

"மனசு வச்சா முடியும் சார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். அதாவது கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதுன்னு இல்ல சார். முடியாதுன்னா வாயால சொல்லிடலாம். ஆமாங்கறப்ப தலை தானா ஆடிடுது. ஆடினா இது விழுந்துடுது." கண்ணாடியைப் பதமாகக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு பக்கத்துக் காம்பு நூலால் கட்டியிருந்தது. "ஒரே ஒரு ஸ்க்ரூ. அதுக்காக ஊர்ல இருக்கிற அத்தனை கண்ணாடிக் கடைக்கும் போயாச்சு. எல்லாரும் பிரேமோடதான் வரும்ங்கறாங்க. அதுலயும் ஒருத்தன் இருக்கான் பாருங்க, எனக்குக் கார் ஓட்ட ஒண்ணு, படிக்க ஒண்ணு விக்கப் பார்த்தான். நான் கார் ஓட்டறதே இல்ல."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். பாலத்துக்குக் கீழே மேடு. அந்த அருமையான மூக்கு.

அன்றைக்குக் கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் மேலாளர் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் கடைக்காரர் மேலாளரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன் மட்டும் என் கைல கிடைச்சான்..." என்றார் மேலாளர்.

"என்ன பண்ணுவீங்க?"

"மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேப்பேன்."

"கேக்கணும் சார். கண்டிப்பாக் கேக்கணும்" என்றார் கண்ணாடிக்காரர். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். ஆணியிலிருந்து கழற்றிய சவரக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து அவருடைய சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டப்பா நிறைய ஸ்க்ரூ கடையில் கிடந்தது. கடையோ ஊரின் அந்தக் கோடியில். போய்த் திரும்புவதற்குள் இந்த ஆளின் மனம் மாறிவிட்டால்? தன் கண்ணாடியைக் கழற்றி, அதன் ஸ்க்ரூவைத் திருகி எடுத்து, மேலாளரின் பிரேமில் வைத்து முறுக்கினார். அதிலிருந்து அவிழ்த்த நூலைத் தன் கண்ணாடியில் கட்டிக்கொண்டார். இத்தனை நாளில் அவர் 'நாளைக்கு' என்று சொல்லாமல் செய்து முடித்த முதல் காரியம் அது.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் பயந்து பயந்து தலையை லேசாகக் குனிந்தார். விழவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு பலமாக, ஒரு மாத பாக்கியையும் சேர்த்து ஆட்டினார். "ஆமா! ஆமா சார்! ஆமா!" கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இதைப் பார்த்த ஊழியர்கள் லீவு விண்ணப்பங்களோடு கதவை நோக்கி ஓடி வந்தார்கள்.

தாழ்ப்பாளைக் கழற்ற மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாதாரண ஸ்க்ரூ டிரைவரை மேலாளரே எடுத்துக் கொடுத்தார். அதுவும் விற்பனைக்கு இல்லாததுதான். கழற்றிய கம்பி, தகடு, கொண்டி, திருகாணி எல்லாவற்றையும் கண்ணாடிக்காரர் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார் மேலாளர், இப்போது தெளிவாகப் பார்த்து.

"போன வாரம் இங்கதான் வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு, நூல் கட்டிய தன் கண்ணாடி விழாதபடி கழுத்தை விறைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னாலேயே அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"சார், இனிமே எங்க பாத்ரூமுக்கு நாங்க என்ன சார் பண்றது?"

"பாடுங்கம்மா" என்றார் அவர். அவர் தெருவைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டில் சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பை வாசலிலேயே இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடிக்காரர் ஆணி அடித்தார், துளை போட்டார், கதவை நாலு தரம் அறைந்து சரிபார்த்தார். சித்தப்பா திரும்பவில்லை. எல்லாம் முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"போட்டாச்சு."

"கேக்க வைங்க" என்றாள்.

போனைத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளினார். டக். இழுத்தார். டக்.

"இன்னொரு தரம்."

டக்.

"வரேன்" என்றாள்.

சாயங்காலம் பெட்டியோடு வந்தவள் வாசலில் இன்னொரு பையைப் பார்த்து நின்றாள். "இது யாரோடது?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சித்தப்பாவிடம் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து சுவரோரமாக ஒதுங்கினார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இங்கயே நில்லுங்க மாமா" என்று விரலால் தரையைக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்காரர் சித்தப்பாவிடம் கதவைத் தள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். சித்தப்பா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணாடிக்காரர் அந்தக் கையைப் பிடித்துக் கதவில் வைத்தார். சித்தப்பா ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு, அன்றைக்கு வெந்நீர் வாளியோடு தள்ளிய அதே தோளைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளினார்.

கதவு திறக்கவில்லை.

"திறக்கலடா!" என்று கத்தினார் சித்தப்பா. கண்ணெல்லாம் தண்ணீர். "டேய், திறக்கவே இல்லடா!"

உள்ளேயிருந்து பழக்கதோஷத்தில் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் கோடு போடக் கூடாது, பக்கங்களை மடிக்கக் கூடாது. கண்ணாடிக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பையைத் திறந்து, துணியைப் பிரித்து, சவரக் கண்ணாடியைப் பழைய ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, கதவை மறுபடியும் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார்.

பாட்டு நின்றது.

"ஆள் இருக்கு மாமா" என்றாள் அவள்.